எங்கள் டிவிசனின் தண்ணீர்ச் சங்கம்: மூன்று வருடப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

இலங்கை மலையகத்தில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஒரு டிவிசனில், அதாவது ஒரு பிரிவில், 64 வீடுகளுக்குக் குழாய்நீர் கொடுக்கும் தண்ணீர்ச் சங்கம் ஒன்று இயங்குகிறது. 2021 ஆம் ஆண்டில் இணைப்பு எடுத்த நாள் முதல் நானும் என் வீட்டாரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் பாவிக்கிறோம். பக்கத்து டிவிசன்களில் இதேபோல் ஒரு சங்கத்தைத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் சில மாதங்களாக என்னை வழியில் மறித்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. சங்கத்தின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. சொல்லப்படுகிறவர்களோ நாளைக் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியவர்கள்.

முதலில் விலை. இணைப்புக் கட்டணம் 6,000 ரூபாய். அத்துடன் வீட்டுக்கு ஒருவர் இரண்டு நாள் சிரமதானத்துக்கு வர வேண்டும். மாதாந்த நிலையான கட்டணம் 150 ரூபாய். பாவிக்கும் ஒவ்வோர் அலகுக்கும், அதாவது ஒவ்வொரு 1,000 லீற்றருக்கும், 20 ரூபாய் சேரும். ஐந்து பேர் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதம் 300 ரூபாயை ஒட்டியே பற்றுச்சீட்டு வருகிறது. இதற்குக் காலை 5 மணி முதல் 8 மணி வரையும், மாலை 4 மணி முதல் 7 மணி வரையும் தண்ணீர் வரும். மானி வாசிப்பவர் மாதக் கடைசியில் வருவார், தவறாமல் வருவார். இதுவரை எங்கள் மானியில் ஓர் அலகு கூடக் கூட்டி எழுதப்பட்டதில்லை.

இதற்கு முன் எங்களுக்கு இருந்தது பீலி, அதாவது எல்லோருக்கும் பொதுவான நீர்வாய். ஆறு லயன்களுக்கு, அதாவது ஆறு தொடர்வீட்டு வரிசைகளுக்கு, இரண்டு பீலிகள். மலையில் கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்து, பொழுது சாய்ந்து திரும்பும் பெண்கள் கூடையை இறக்கிய கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரையில் வரிசையில் நின்ற காலம் அது. இரவு பதினொரு மணிக்கு வரிசை குறையும் என்பதற்காக என் தாயார் அந்நேரத்துக்கு எழுந்து, அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு போவார். அதைக் கண்டு வளர்ந்தவனுக்கு, வாசலில் குழாயைத் திறந்ததும் வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பாய் என்ற கேள்வியே சற்று விசித்திரமானது. ஆனால் எல்லாவற்றையும் பழைய பீலியோடு ஒப்பிட்டு நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்தால் சங்கத்தார் திருந்த வேண்டிய இடம் அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மூன்றரை எங்கே கிடைத்தது, ஒன்றரை எங்கே ஒழுகிப்போனது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

தண்ணீர் வருவது காட்டோரத்து ஊற்றிலிருந்து. அங்கே இடுப்பளவு உயரமுள்ள ஒரு சிறு அணை, அதன் வாயில் ஒரு கம்பிவலை. அங்கிருந்து 1.4 கிலோமீற்றர் தூரத்துக்குத் தேயிலை மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு திறந்த கான், அதாவது வாய்க்கால், வருகிறது. தோட்டத்து ஆட்கள் எந்தக் காலத்திலோ வெட்டிய மண்கான் அது. நடுவே சில இடங்களில் சீமெந்து பூசியிருக்கிறார்கள், மற்ற இடமெல்லாம் மண்ணும் கல்லும்தான். கான் முடியும் இடத்தில் மணல் படிவதற்கு ஒரு தொட்டி, அதற்குக் கீழே 5,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி, தாங்கியிலிருந்து வீடுகளுக்குக் குழாய்கள். இவ்வளவுதான் முழு அமைப்பும். பம்பு இல்லை, மின்கட்டணம் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக வருகிறது. இணைப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் குழாயையும் மானியையும்தான் பார்க்கிறார்கள். இந்தச் சேவையின் நல்லதும் கெட்டதும் அந்தக் கானில்தான் தீர்மானமாகின்றன என்பது என் கணிப்பு.

நான் இப்படிக் கானையே பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2008 முதல் 2017 வரை ஓமானில், நிஸ்வாவுக்கு அருகே, ஜபல் அக்தர் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பிர்கத் அல் மவ்ஸ் என்ற ஊரில் பேரீச்சந் தோட்டமொன்றில் வேலை செய்தேன். ஊரின் பெயருக்கு வாழைக்குளம் என்று பொருள். பாலைவனத்தில் வாழைக்குளமா என்று நானும் சிரித்தேன், போய்ப் பார்க்கும்வரை. அங்கே வருடம் முழுவதும் பெய்யும் மழையே 100 மில்லிமீற்றர் அளவுதான். எங்கள் பக்கத்தில் ஒக்டோபர் ஒரு மாதத்தில் அதைவிட அதிகம் பெய்துவிடும். அப்படியிருந்தும் அந்த ஊரின் நடுவே வருடம் முழுவதும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதன் கரையில் பேரீச்சையும் வாழையும் நிற்கின்றன. அந்த வாய்க்காலை ஃபலஜ் என்பார்கள். ஓமானில் இன்றும் ஏறத்தாழ 3,000 ஃபலஜ்கள் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நான் இருந்த அந்த ஊர் வழியே ஓடிய அல் கத்மைன் ஃபலஜும் அந்த ஐந்தில் ஒன்று.

நிலத்தடி நீரை எடுக்கும் ஃபலஜ் மலையடிவாரத்தில் ஒரு தாய்க்கிணற்றிலிருந்து தொடங்கும். அங்கிருந்து நிலத்தின் சரிவைவிட மெல்லிய சரிவில் ஒரு சுரங்கம் தோண்டிக்கொண்டே வருவார்கள். கிலோமீற்றர் கணக்கில் வந்தபின், ஊருக்கு மேற்பக்கத்தில் தண்ணீர் தானாக வெளிச்சத்துக்கு வந்துவிடும். சுரங்கத்துக்கு மேலே இடைக்கிடை கிணறு போன்ற துளைகள் இருக்கும். தூர் வாருபவர்கள் இறங்குவதற்கும், உள்ளே காற்றுப் போவதற்கும், மண்ணைக் கூடையில் ஏற்றுவதற்கும் அவைதான் வழி. வெள்ளம் வந்தால் சேறு உள்ளே போகாதபடி துளையின் வாயைச் சுற்றிக் கல்லால் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். காட்டாறு குறுக்கிடும் இடத்தில் வாய்க்காலை ஒரு பக்கம் செங்குத்தாக இறக்கி, ஆற்றுப்படுகைக்குக் கீழாகக் கொண்டுபோய், மறுபக்கம் மேலே எழும்பச் செய்வார்கள். இதிலும் பம்பு இல்லை, மின்சாரம் இல்லை.

என்னை ஈர்த்தது கட்டுமானத்தைவிட அதன் நிர்வாகம். வாய்க்காலுக்கு ஒரு வகீல் உண்டு, அவர்தான் பொறுப்பாளி. அவருக்குக் கீழே அரீஃப் என்பவர் யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறையைக் கவனிப்பார். கணக்கு வைப்பவர் தனி. தண்ணீரை அளப்பது லீற்றரில் அல்ல, நேரத்தில். ஓர் அதர் என்றால் ஏறத்தாழ அரை மணி நேரம். பகலில் ஒரு கம்பின் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தும் நேரம் பிரித்த காலம் ஒன்று இருந்தது. நான் இருந்தபோது கைக்கடிகாரமும் கைத்தொலைபேசியும் அந்த வேலையைச் செய்தன. எங்கள் முறை முடியும்போது பக்கத்து மடையை அடைத்திருந்த கல்லையும் அதைச் சுற்றிய பழந்துணியையும் நான் உருவி எடுத்து எங்கள் தோட்டத்து மடையில் செருக வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து நிற்பார். சண்டை பிடிக்க மாட்டார், தன் கடிகாரத்தை மட்டும் காட்டுவார். இன்னொன்று: பல ஃபலஜ்களில் தண்ணீர் நேரத்தின் ஒரு பங்கு வாய்க்காலுக்கே சொந்தம். அதை ஏலத்தில் விட்டு, வரும் பணத்தை வாய்க்காலின் பழுதுபார்ப்புக்கு வைத்துக்கொள்வார்கள். அந்த ஒழுங்கைக் கண்டவன் கண்ணோடுதான் எங்கள் சங்கத்தையும் பார்க்கிறேன். இது நியாயமான ஒப்பீடா என்று கேட்கலாம். அவர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம், எங்களுக்கு மூன்று வருடம்.

இனிச் சங்கத்தின் பலத்தைச் சொல்லுகிறேன். பலம் ஓர் ஆள். கானைப் பார்த்து, வால்வைத் திறந்து மூடுகிறவரை டிவிசன் முழுவதும் ‘தண்ணி அண்ணன்’ என்றுதான் அழைக்கிறது. வெளியூரார் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளக்கூடாது, மனிதர் தேநீருக்கு மேல் எதுவும் தொடுவதில்லை. நாள் தவறாமல் அதிகாலை நாலரைக்குத் தாங்கியடிக்கு வந்துவிடுவார். மழை பெய்த மறுநாள் என்றால் அதற்கு முன்பே அணைக்கட்டுக்கு ஏறிப்போய்க் கம்பிவலையில் அப்பியிருக்கும் டர்பன்டைன் மரத்து இலைகளைக் கையால் வழித்தெடுத்துவிட்டுத்தான் கீழே இறங்குவார்.

கடந்த ஓகஸ்ட் மாதத்தில் தண்ணீர் மிகவும் குறைந்தபோது ஒருநாள் அவரோடு கான் நெடுக நடந்தேன். ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக்கொடுக்கும் மணமும் அதே காற்றில்தான் உண்டாகிறது. தேயிலைக்கு நல்ல காலம், ஊற்றுக்குக் கெட்ட காலம். கையில் 20 லீற்றர் வாளி ஒன்றைக் கொண்டுபோனேன். அணைக்கட்டில் கான் தொடங்கும் இடத்தில் வாளி நிறைய 50 விநாடி எடுத்தது. கான் முடியும் தொட்டியடியில் அதே வாளி நிறைய 80 விநாடி எடுத்தது. அதாவது ஊற்றிலிருந்து புறப்பட்ட தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானது தாங்கிக்கு வந்து சேரவே இல்லை. வெயில் குடித்திருக்கும் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். முழங்கை அகலமான கானில், அதுவும் பாதி நிழலில் ஓடும் தண்ணீரில், வெயில் அவ்வளவு குடிக்க முடியாது.

குடித்தது நண்டு. கானின் கீழ்ப்பக்கக் கரையில் நண்டு வளைகள். மேலே பார்த்தால் ஒரு கட்டைவிரல் அளவுத் துளை, வாயைக் கிளறி அகட்டினால் உள்ளே கை முழங்கைவரை போகும். தண்ணி அண்ணன் ஓரிடத்தில் குந்தி, காதைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோய், “இந்தா கேளுங்க தம்பி, இந்த இடத்துல சத்தம் வேற மாதிரி இருக்கு, கீழ எங்கயோ போகுது” என்றார். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. அவர் கீழே இறங்கித் தேயிலை வாதுகளை விலக்கிக் காட்டினார். வறட்சியின் நடுவில் அந்த ஒரு செடியைச் சுற்றி மட்டும் புல் பச்சையாக, நிலம் சொதசொதவென்று இருந்தது. களிமண்ணைப் பிசைந்து, சிறு கற்களைச் சேர்த்து, வளைக்குள் முழங்கைவரை திணித்து, மேலே காலால் மிதித்துவிட்டார். அப்படி ஒன்பது வளைகள். அன்று பின்னேரம் தொட்டியடியில் வாளி 60 விநாடியில் நிறைந்தது. மணிக்கு 300 லீற்றர் மேலதிகமாகக் கிடைத்தது, ஒரு சதமும் செலவில்லாமல். ஓமானில் பேரீச்சையின் வேர் செய்யும் அதே வேலையை இங்கே நண்டு செய்கிறது. அங்கே கரையை உடைத்து வேரை வெட்டிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள்; இங்கே களிமண். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 541 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடும் கொங்கிரீட் கால்வாயில் பாசியையும் களையையும் தின்னுவதற்கென்றே இனம்பெருக முடியாத புல்கெண்டை மீன்களை விடுகிறார்களாம். நண்டைத் தின்ன எதை விடலாம் என்று தண்ணி அண்ணனிடம் கேட்டேன். “நம்ம பொடியன்கள விட்டாப் போதும்” என்றார்.

வளைகளை அடைத்ததற்காக அவருக்குச் சங்கம் மேலதிகமாக எதுவும் கொடுக்கவில்லை. மாதம் 12,000 ரூபாய்தான் அவருடைய கொடுப்பனவு. கான் பார்ப்பது அவருடைய வேலை என்று எழுதியிருக்கிறார்கள், அடைப்பது யாருடைய வேலை என்று எழுதவில்லை. அவர் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்ற வருடம் பார்த்துவிட்டோம்: மூன்று நாள் தண்ணீர் இல்லை, காரணம் கம்பிவலையில் இலை. வால்வின் சாவி எங்கே இருக்கிறது என்பதுகூட வேறு யாருக்கும் தெரியவில்லை. ஒரு சேவை முழுவதும் ஒருவருடைய இரண்டு கால்களில் நிற்பது பெருமைக்குரிய விடயம் அல்ல. இரண்டாவது ஆளைப் பழக்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் இரண்டு தடவை பேசியாயிற்று.

அடுத்தது தாங்கி. இங்கேதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது, கணக்குப் போட்டுப் பார்த்தபோது. வாளி 80 விநாடியில் நிறைந்த நாட்களில் கான் மணிக்கு 900 லீற்றர் கொண்டுவந்தது. 5,000 லீற்றர் தாங்கி அந்த வேகத்தில் ஐந்தரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஆனால் காலை 8 மணிக்கு மூடினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அது எட்டு மணி நேரம். மாலை 7 மணிக்கு மூடினால் மறுநாள் 5 மணிக்குத்தான், அது பத்து மணி நேரம். பகலில் 2,200 லீற்றரும் இரவில் 4,000 லீற்றரும் தாங்கியின் கழுத்தால் வழிந்து போயின. மொத்தம் ஒரு நாளைக்கு 6,200 லீற்றர். 64 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 97 லீற்றர், நாலைந்து பெரிய வாளித் தண்ணீர். “வறட்சி நிலவுவதால் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கவும்” என்ற அறிவித்தல் கோயில் சுவரில் ஒட்டப்பட்டிருந்த அதே மாதத்தில்தான் இது நடந்தது. நண்டு வளைகளை அடைத்துத் தண்ணீரைக் கூட்டிய பிறகு வழிவதும் கூடியது என்பது இன்னும் வேடிக்கை.

வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்றால், தாங்கிக்குக் கீழே இருக்கும் மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறது. அது யாருடைய தோட்டம் என்று எழுதப் போவதில்லை; அவர் திருடவில்லை, வழிவதைப் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் பிர்கத் அல் மவ்ஸில் இப்படி ஒரு நீர் கேட்பாரற்று ஓடியிருந்தால் அடுத்த ஏலத்திலேயே அதற்கு விலை வைத்திருப்பார்கள். நான் சங்கத்துக்குச் சொன்ன யோசனையும் அதுதான்: ஒன்றில் இரண்டாவது தாங்கி ஒன்று வையுங்கள், அல்லது மழைக்காலத்தில் வழியும் நீரை மரக்கறி செய்பவர்களுக்கு முறை வைத்து ஏலம் விடுங்கள், வரும் பணத்தைக் கானுக்கென்று தனியாக வையுங்கள். தண்ணீரை விற்பதா என்று கூட்டத்தில் முகம் சுளித்தார்கள். அலகுக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களுக்குக் கொடுப்பது என்ன என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

முறை வைப்பதில் சங்கம் கெட்டித்தனமாகச் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். ஃபலஜில் கடைசித் தோட்டத்துக்காரர்தான் பாவம். தண்ணீர் அவரிடம் வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடும். குழாயில் அது தலைகீழ். கீழே இருக்கும் லயன்களில் குழாயைத் திறந்துவிட்டால் மேட்டு லயன் குழாயில் காற்றுத்தான் வரும். முதல் வருடம் முழுவதும் மேட்டு லயன்காரர்கள் பணம் கட்டிக்கொண்டு காற்றை வாங்கினார்கள். மானியும் அந்தக் காற்றுக்குச் சுழன்றது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. காற்றுக்கு மானி சுழலக்கூடியதுதான். பிறகு கீழ்க்குழாயில் ஒரு கேட் வால்வைப் பூட்டி, காலையும் மாலையும் முதல் முக்கால் மணி நேரத்தை மேட்டு லயனுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். மேட்டில் காற்றை வெளியேற்ற ஒரு எயார் வால்வும் வைத்தார்கள். அதன் பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது. இதைச் செய்ய வெளியிலிருந்து எந்தப் பொறியியலாளரும் வரவில்லை.

திருத்தவேலைக்குத் தண்ணீரை நிறுத்துவதில் மட்டும் சங்கத்துக்கு மரியாதை போதாது. காலையில் குழாய் வறண்ட பிறகுதான் ‘இன்று தொட்டி கழுவுகிறார்கள்’ என்று வாய்வழியாகச் செய்தி வரும். ராஜஸ்தானின் பாலைவனத்துக்குள் ஓடும் இந்திரா காந்திக் கால்வாய் எங்கள் கானைப்போல் பல நூறு மடங்கு நீளமானது. அதைக்கூடப் பராமரிப்புக்காக வருடந்தோறும் நாள் குறித்து, முன்கூட்டியே அறிவித்து மூடுகிறார்கள்; ஊர்கள் அதற்கு முன்பே நீரைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. 64 வீடுகளுக்கு முதல்நாள் மாலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய காரியமா என்ன. நிறுத்துவதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. தூர் வாராத கான் மழைக்காலத்தில் கரை உடைந்துதான் நிற்கும். மண்சரிவுக்குப் பேர்போன இந்தச் சரிவுகளில் உடைந்த கானிலிருந்து கொட்டும் தண்ணீர் கீழே இருக்கும் லயனுக்கே ஆபத்து. ஒக்டோபர் மழைக்கு முன் ஒருதடவையும், ஜனவரியில் மழை ஓய்ந்தபின் ஒருதடவையும் கான் முழுவதையும் சிரமதானத்தில் வாருகிறார்கள். அதற்கு முழுப் புள்ளியும் கொடுக்கலாம்.

தண்ணீரின் தரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: கொதிக்கவைத்துக் குடியுங்கள். கானின் கடைசி 200 மீற்றர் லீக்ஸும் கோவாவும் உருளைக்கிழங்கும் போட்ட துண்டுகளுக்குக் கீழாக வருகிறது. மேலே அடிக்கும் மருந்தும் போடும் பசளையும் மழையோடு எங்கே இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்தைக் கொதிக்கவைத்துப் போக்கவும் முடியாது. ஃபலஜில் தண்ணீர் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் முதலாவதாக இருப்பது குடிநீர் எடுக்கும் துறை. அதற்குக் கீழேதான் பள்ளிவாசல், குளிக்கும் இடங்கள், துவைக்கும் இடம். கடைசியில்தான் பேரீச்சை, அதன்பின் பருவப் பயிர். குடிக்கும் வாய்க்கு மேலே எவரும் கை நனைக்க முடியாது. எங்கள் கானில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. 1.4 கிலோமீற்றருக்கும் குழாய் போடப் பணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த 200 மீற்றருக்கு மட்டுமாவது குழாய் போட்டு மூடலாம். முழுவதற்கும் நிதி வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

குளோரினும் அப்படித்தான். கிழமைக்கு ஒருநாள் தாங்கிக்குள் கரைத்து ஊற்றுகிறார்கள். அன்று தேநீரில்கூட வாடை அடிக்கும், மூன்றாம் நாள் ஒன்றும் இருக்காது. குழாய் வாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருந்தால்தான் பாதுகாப்பு, அதற்குத் தினமும் சிறிது சிறிதாகச் சொட்டவிட வேண்டும். மழை பெய்து தண்ணீர் சாயத் தேநீர் நிறத்தில் வரும் நாட்களில் குளோரின் ஊற்றுவதிலும் பெரிய பயன் இல்லை, கலங்கலே அதைத் தின்றுவிடும். அந்த நாட்களில் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திறந்துவிடுவதுதான் சரி. அதைத் தண்ணி அண்ணன் செய்கிறார், அவர் எழும்பும் நேரத்துக்கு முன் மழை பெய்திருந்தால்.

ஊற்றுக்கு மேலே நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓமானில் ஃபலஜின் தாய்க்கிணற்றைச் சுற்றி 3.5 கிலோமீற்றருக்குள் புதுக் கிணறு தோண்டச் சட்டம் இடம்கொடுப்பதில்லை. பம்புகள் வந்தபிறகு பல ஃபலஜ்கள் வற்றிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. எங்கள் அணைக்கட்டுக்கு மேலே, பற்றைக்குள் மறைத்து, கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று போயிருந்ததைக் கான் நடந்த அன்று கண்டோம். தண்ணி அண்ணன் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கமிட்டியிடம் சொல்லாமல் இரண்டு கிழமை இருந்தேன். சொன்ன பிறகு குழாய் காணாமல் போய்விட்டது. யார் எடுத்தது என்று எவரும் கேட்கவில்லை.

கணக்குக் காட்டுவதற்கு வருடத்தில் ஒரு கூட்டம் வைக்கிறார்கள். வரவும் செலவும் வாசிக்கப்படும், சரியாகவே இருக்கும். காசாளர் கைசுத்தமானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வரவில் மிஞ்சுவது மாதம் ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய்தான். அதில் குளோரின், வாஷர், உடைந்த குழாய் எல்லாம் போய்விடுகின்றன. பெரிய மழையில் அணைக்கட்டு போனால் திரும்பக் கட்ட எங்கே பணம் என்ற கேள்விக்கு, ‘யாராவது தருவார்கள்’ என்பதுதான் பதில். அந்த யாராவதை நம்பித்தான் இந்த மலையில் பாதிக் குழாய்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

இவ்வளவையும் வாசித்த பிறகும் இணைப்பு எடுக்க நினைப்பவர்களுக்கு: எடுங்கள், தயங்க வேண்டாம். வீட்டில் குறைந்தது 500 லீற்றர் தாங்கி ஒன்றை வையுங்கள், மேட்டு லயன் என்றால் 1,000 லீற்றர். தாங்கிக்கு மிதவை வால்வு போடாமல் இணைப்பு வாங்காதீர்கள். வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வழிந்தால் அலகுக் காசும் போகும், பக்கத்து வீட்டு இஸ்தோப்பும் (முன் விறாந்தையும்) நனையும். தாங்கியை வெயில் படாத பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் பாசி பிடிக்கும். மானியை வேலிக்கு உள்ளே வைத்தால் வாசிக்க வருபவர் நாயைக் கண்டு சராசரிக் கணக்குப் போட்டுவிடுவார், ஆகவே வெளியே வையுங்கள். சிரமதானத்துக்கு வீட்டிலிருந்து யாரை அனுப்பினாலும் சரி, ஆனால் ஒருதடவையாவது நீங்களே போய் அணைக்கட்டு வரைக்கும் கானை நடந்து பாருங்கள். போகும்போது ஒரு வாளியும், நேரம் பார்க்க ஒரு கைத்தொலைபேசியும் கொண்டுபோங்கள். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்ள மறக்க வேண்டாம்.